குளிர்கால மலைவிடுதிப் பராமரிப்பு: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிப்பது எப்படி

பனி மூடிய மலைவிடுதியை மாதக்கணக்கில் தனியாகப் பார்த்துக்கொள்பவருக்கு வரும் பழுதுகள் பார்வைக்குப் பல விதம். பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றுதான்: ஏதோ ஒரு வழி அடைபட்டிருக்கும். தண்ணீர் வரும் வழி, புகை போகும் வழி, டீசல் ஓடும் வழி, கழிவுக்குழாய் மூச்சு விடும் வழி. ஆகவே எதையும் ஸ்பேனர் வைத்துக் கழற்றுவதற்கு முன், அந்த வழி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்து, இரண்டு முனையும் திறந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வெளியே இருக்கும் முனையை முதலில் பாருங்கள். அங்கேதான் பனி இருக்கிறது.

இன்னொரு விதி எல்லாப் பகுதிக்கும் பொருந்தும். உறைந்த எதற்கும் நேரடித் தீ காட்டக் கூடாது. அருகில் தீயணைப்பு வண்டி வர வழியில்லாத இடத்தில் புளோ டார்ச்சால் குழாயை இளக்கப் போய்ச் சுவரின் உள்மரம் பற்றிக்கொண்டால், தங்க இடமே இருக்காது.

தலை வலிக்கிறது, குமட்டுகிறது, வெளியே போனால் தெளிகிறது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், மற்ற பழுதுகள் கொஞ்சம் காத்திருக்கும், இது காத்திருக்காது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மலையில் இதை உயர நோய் என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுத்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. வேறுபாடு இது: உயர நோய் மேலே ஏறி வந்த முதல் சில நாட்களில் வரும். வாரக்கணக்கில் அங்கேயே இருப்பவருக்குப் புதிதாகத் தலைவலி வந்து, வெளிக்காற்றில் குறைந்து, உள்ளே வந்ததும் திரும்பினால் அது வாயு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உடனே வெளியே வாருங்கள். போகிற வழியில் கை எட்டினால் கதவைத் திறந்து வையுங்கள். அடுப்பை அணைக்க உள்ளே நிற்காதீர்கள். மயக்கமோ குழப்பமோ இருந்தால் ரேடியோவில் உதவி கேளுங்கள். தலை தெளிந்து, விடுதியும் நன்றாகக் காற்றோடிய பிறகுதான் காரணம் தேட வேண்டும். பார்க்க வேண்டிய இடங்கள்: சுவர் வழியாகப் புகை விடும் ஹீட்டரின் வெளிவாயைப் பனி மூடியிருக்கிறதா, புகைபோக்கியின் தொப்பி அடைபட்டிருக்கிறதா, ஜெனரேட்டர் வீட்டுச் சுவரை ஒட்டி ஓடுகிறதா. ஜெனரேட்டர், வீட்டின் கதவு ஜன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், புகைவாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் பார்க்க வேண்டும். ஹீட்டரின் வெளிவாயைச் சுற்றி 1 மீட்டர் பனியை ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பிறகும் அகற்றுங்கள்.

அலாரக் கருவியைப் படுக்கும் அறையில் ஒன்றும் அடுப்பறையில் ஒன்றுமாக வையுங்கள். பெரும்பாலான கருவிகளில் தொடர்ந்து நான்கு ஒலி, ஓர் இடைவெளி, மறுபடி நான்கு ஒலி என்றால் வாயு. அவ்வப்போது ஒரே ஒரு ஒலி என்றால் பேட்டரி தீர்கிறது. கருவியின் முதுகில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். அது தாண்டியிருந்தால் அந்தக் கருவியை நம்ப வேண்டாம்.

குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை

எல்லாக் குழாயிலும் வரவில்லையா, ஒன்றில் மட்டுமா? ஒன்றில் மட்டும் என்றால் அந்தக் கிளைக்குழாய் உறைந்திருக்கிறது. வெந்நீர் வந்து பச்சைத் தண்ணீர் வரவில்லை என்றாலும் அதேதான். எல்லாவற்றிலும் வரவில்லை என்றால் மெயின் வால்வு, பம்ப், ஊற்றுமுகம் என்று பின்னோக்கிப் போக வேண்டும்.

கிளைக்குழாய் உறைந்த இடத்தைக் கண்டுபிடிக்கக் கையே போதும். குழாயை விரலால் தடவிக்கொண்டே போனால் ஓரிடத்தில் குளிர் சட்டென்று கூடும். வெளிப்புறத்தில் மெல்லிய வெண்பனி படிந்திருக்கும். ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டினால் கணீரென்று ஒலிக்காமல் மொத்தென்று ஒலிக்கும். பெரும்பாலும் அது வெளிச்சுவரை ஒட்டிய முழங்கை, கழுவுதொட்டிக்கு அடியில் உள்ள அலமாரி, அல்லது குழாய் சுவரைத் துளைத்து நுழையும் இடமாக இருக்கும்.

இளக்கும் முறை:

1. மெயின் வால்வை மூடுங்கள். தனியாக இருப்பவர் இதைத் தவறவிடக் கூடாது. குழாய் ஏற்கெனவே வெடித்திருந்தாலும் பனிக்கட்டி அடைப்பாக நிற்கும் வரை கசிவு தெரியாது.
2. உறைந்த கிளையின் குழாய்வாயைத் திறந்து வையுங்கள்.
3. குழாய்வாய்ப் பக்கமிருந்து தொடங்கி, உறைந்த இடம் நோக்கிச் சூடு காட்டுங்கள். நடுவில் தொடங்கினால் உருகிய நீருக்கும் ஆவிக்கும் வெளியேற வழி இருக்காது. ஹேர் டிரையர் நல்லது. இல்லையென்றால் வெந்நீரில் பிழிந்த துணியைச் சுற்றி, ஆறியதும் மாற்றுங்கள். பிவிசி குழாய் அதிகச் சூட்டில் இளகி வளையும். கை பொறுக்கும் சூட்டைத் தாண்ட வேண்டாம்.
4. சொட்டத் தொடங்கியதும் மெயின் வால்வைக் கால் திருப்பு மட்டும் திறந்து, டார்ச்சுடன் குழாய் நெடுகப் பாருங்கள். கசிவு இல்லையென்றால் முழுதாகத் திறக்கலாம்.

கசிவு தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. ஆனால் குழாய் பெரும்பாலும் பனிக்கட்டி இருக்கும் இடத்தில் வெடிப்பதில்லை. வளரும் பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்வாய்க்கும் நடுவே சிக்கிய தண்ணீரின் அழுத்தம் ஏறி, பலவீனமான இடத்தில் பிளக்கும். எனவே உறைந்த இடத்தை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியடையக் கூடாது. கடுங்குளிர் இரவில் குழாயைப் பென்சில் முனை அளவுக்கு ஓடவிடச் சொல்வதும் இந்த அழுத்தத்துக்கு வழிவிடத்தான்.

எல்லாக் குழாயும் வறண்டிருந்து, பம்பும் ஓடவில்லை, அல்லது ஓடத் தொடங்கினால் நிற்கவே மாட்டேன் என்கிறதா? மோட்டாரைக் கழற்றாதீர்கள். பம்புக்குப் பக்கத்தில் பிரஷர் ஸ்விட்ச்சுக்குப் போகும் சுண்டுவிரல் பருமன் குழாய் ஒன்று இருக்கும். அதற்குள் இருப்பது ஒரு மிடறு தண்ணீர், அதுவும் அசையாமல் நிற்கும் தண்ணீர். மற்ற எதற்கும் முன்னால் அது உறைந்துவிடும். ஸ்விட்ச்சுக்குத் தொட்டியின் அழுத்தம் தெரியாமல் போவதால் பம்ப் தவறாக நடந்துகொள்கிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு அந்தச் சிறுகுழாயை வெதுவெதுப்பாக்கினால் முடிந்தது வேலை. பிறகு அதைச் சுற்றிப் பஞ்சுறை போடுங்கள்.

ஆள் புழங்காத அறைகளைச் சூடாக்க முயல வேண்டாம், நீரை வடித்துவிடுவதே நல்லது. முதலில் வாட்டர் ஹீட்டரின் மின்சாரத்தை நிறுத்துங்கள். தண்ணீர் இல்லாமல் ஹீட்டிங் காயில் ஒரு நிமிடம் எரிந்தாலும் போய்விடும். அந்தப் பகுதிக்கான வால்வை மூடி, எல்லாக் குழாய்வாய்களையும் திறந்து, மிகத் தாழ்ந்த இடத்தில் உள்ள வடிகால் திருகைத் திறங்கள். கம்ப்ரசர் இருந்தால் 50 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல் ஊதி எஞ்சியதை வெளியேற்றுங்கள். ஃபிளஷ் தொட்டியின் அடியில் தேங்கியதைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். ஒவ்வொரு வடிகால் வளைவிலும் அரை லிட்டர் முதல் 1 லிட்டர் வரை புரோப்பிலீன் கிளைக்கால் உறைதடுப்பி ஊற்றுங்கள். வண்டி ரேடியேட்டருக்கான எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. அதை வீட்டுக் குழாயில் ஊற்றக் கூடாது.

விறகடுப்பு அறைக்குள் புகைகிறது

பற்றவைத்தவுடன் புகைகிறதா, நன்றாக எரிந்துகொண்டிருந்தது திடீரெனப் புகைகிறதா என்று பிரித்துப் பாருங்கள்.

பற்றவைக்கும்போது மட்டும் என்றால், புகைபோக்கிக்குள் குளிர்ந்த கனமான காற்று நிற்கிறது. அடுப்புக்கு அருகில் உள்ள ஜன்னலை இரண்டு விரல் திறந்து, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்திவிட்டு, இரண்டு தாள் செய்தித்தாளை முறுக்கிக் கொளுத்தி, புகைபோக்கி தொடங்கும் வாய்க்கு அருகே பிடியுங்கள். புகை மேலே இழுபடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு சுள்ளியைப் பற்றவையுங்கள்.

எரியும்போது திடீரெனப் புகைந்தால் மேல்முனையைச் சந்தேகியுங்கள். தொப்பியைச் சுற்றியுள்ள பொறித்தடுப்பு வலையில்தான் கிரியோசோட் (விறகுப் புகை குளிர்ந்து படியும் தார் போன்ற கறை) முதலில் அடையும். கூரையில் பனி உயர்ந்தாலும் இதே கோளாறு வரும். புகைபோக்கி கூரையைத் துளைத்து வரும் இடத்திலிருந்து குறைந்தது 90 செ.மீ. உயரமும், 3 மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் எதையும்விட 60 செ.மீ. கூடுதல் உயரமும் வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. கூரைமேல் 1 மீட்டர் பனி ஏறிவிட்டால் அந்தக் கணக்கு அழிந்துபோகிறது.

கிரியோசோட் சேர்வதற்கு இரண்டு காரணம்: ஈர விறகு, மூச்சை அடக்கிய நெருப்பு. விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மீட்டர் இல்லையென்றால் இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், வெட்டுமுகத்தில் நட்சத்திரம் போல வெடிப்பு ஓடியிருக்கும். இரவெல்லாம் கனலட்டும் என்று காற்றுவாயை முழுக்க மூடிவிட்டுத் தூங்குவது எல்லோருக்கும் வரும் ஆசை. அந்த மந்த நெருப்பின் புகை குளிர்ந்த புகைபோக்கியில் தாராகப் படிகிறது. இரவில் காற்றைக் கொஞ்சம் விட்டு வையுங்கள். காலையில் 15 முதல் 20 நிமிடம் வீச்சாக எரியவிடுங்கள். மாதம் ஒரு முறை, அடுப்பு முழுக்க ஆறிய பிறகு, உள்ளே பாருங்கள். படிவு 3 மி.மீ. தொட்டால் பிரஷ் போட வேண்டும். பளபளவென்று கண்ணாடி போல் படிந்திருந்தால் சாதாரண பிரஷ்ஷுக்கு அது அசையாது. அந்த அடுப்பை நிறுத்திவிட்டு வேறு அறையின் அடுப்புக்கு மாறுங்கள்.

புகைபோக்கிக்குள்ளிருந்து ரயில் ஓடுவது போல் இரைச்சல் வந்தால் உள்ளே தீப்பிடித்துவிட்டது. அடுப்புக் கதவு, காற்றுவாய் இரண்டையும் இறுக மூடி, கோட்டும் ரேடியோவும் எடுத்துக்கொண்டு வெளியேறி, தகவல் சொல்லுங்கள். புகைபோக்கிக்குள் தண்ணீர் ஊற்றினால் வெடித்துப் பிளக்கும். அணைந்த பிறகும், முழுதாகச் சோதித்துப் பார்க்காமல் அதில் மறுபடி நெருப்பு மூட்டாதீர்கள்.

சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில், மரத்தளத்தில் வைக்காமல் வெறும் நிலத்தில் வையுங்கள். சாம்பலுக்குள் கங்கு நாட்கணக்கில் உயிரோடிருக்கும்.

உள்கதவு திடீரென இறுகுகிறது, உத்தரம் முனகுகிறது

நேற்றுவரை எளிதாகச் சாத்திய உள்கதவு இன்று நிலையில் உரசினால் தச்சு வேலையை யோசிக்காதீர்கள், கூரையை யோசியுங்கள். சுமை இறங்கி நிலைச்சட்டம் அழுந்துகிறது. உட்கூரைப் பலகையில் புது வெடிப்பு, உத்தரத்தில் தொய்வு, படபடவென்ற சத்தம் எல்லாம் இதே வரிசை. சத்தம் ஓயாமல் வந்தாலோ தொய்வு கண்ணுக்குத் தெரிந்தாலோ அந்தக் கூரைக்கு அடியில் இருக்க வேண்டாம், அதன்மேல் ஏறவும் வேண்டாம்.

பனியின் உயரத்தை வைத்து எடையைக் கணிப்பது ஏமாற்றும். புதுப்பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ. படிந்து இறுகியது 200 முதல் 300. ஈரம் ஏறிய பழைய பனி 400க்கு மேலும் போகும். மேலே மழை பெய்தால் உயரம் குறையும், எடை கூடும். ஆகவே எடை போட்டே பார்த்துவிடுங்கள். கூரையில் உள்ளது போன்ற பனி படிந்த, ஏணியிலிருந்து எட்டும் தாழ்ந்த சாய்ப்பில், 20 செ.மீ.க்கு 25 செ.மீ. அளவில் செங்குத்தாகத் தளம்வரை வெட்டி, முழுத் தூணையும் ஒரு சாக்கில் போட்டுத் தராசில் மாட்டுங்கள். வந்த கிலோவை 20ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் சுமை. சாக்கு 12 கிலோ என்றால் சதுர மீட்டருக்கு 240 கிலோ. கட்டடத்தின் வரைபடத்தில் எழுதியிருக்கும் அனுமதிச் சுமையைக் குளிர்காலம் தொடங்கும் முன்பே சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். அதில் பாதியைத் தாண்டியதும் இறக்கத் தொடங்குவது நல்ல பழக்கம்.

தரையில் நின்றபடி நீளக்கைப் பனிவாரியால் இழுப்பதே முதல் தேர்வு. இரண்டு சாய்வையும் மாறி மாறிக் கீற்றுக் கீற்றாக இறக்குங்கள். ஒரு பக்கம் முழுவதையும் காலி செய்தால் சுமை ஒருச்சாய்ந்து, தாங்கிக்கொண்டிருந்த கூரையும் முறுகும். தகடு வரை சுரண்ட வேண்டாம், 5 முதல் 10 செ.மீ. விட்டுவிடுங்கள். தகரக் கூரையின் பனி எச்சரிக்காமல் மொத்தமாகச் சரியும். இறவாணத்துக்கு நேர் கீழே ஒருபோதும் நிற்காதீர்கள். கயிறும் கீழே ஓர் ஆளும் இல்லாமல் கூரைமேல் ஏற வேண்டாம்.

ஜெனரேட்டர் கிளம்பவில்லை, அல்லது சில நிமிடத்தில் அணைகிறது

சுழலவே இல்லை என்றால் பேட்டரி. மல்டிமீட்டரில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 பாதி, 11.8 தீர்ந்தது. முழுச் சார்ஜ் உள்ள ஈயப் பேட்டரி மைனஸ் 50 டிகிரி செல்சியஸிலும் உறையாது. தீர்ந்தது மைனஸ் 10 டிகிரிக்கு முன்பே உறைந்துவிடும். பக்கம் உப்பியிருந்தால் சார்ஜ் ஏற்றவோ ஜம்ப் கேபிள் மாட்டவோ கூடாது, வெடிக்கும். லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே நிரந்தரமாகக் கெடும். முதலில் அதை வெதுவெதுப்பான அறைக்குக் கொண்டு வாருங்கள்.

நன்றாகச் சுழன்றும் பிடிக்கவில்லை, அல்லது பிடித்துச் சில நிமிடத்தில் மூச்சுத் திணறி நிற்கிறது என்றால் டீசலில் மெழுகு திரண்டு பில்டரை அடைத்திருக்கிறது. ஒரு கண்ணாடிக் குடுவையில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இல்லாமல் மோர்த்தண்ணீர் போல் கலங்கியிருந்தால் அதுதான். பில்டரையும் டீசல் குழாயையும் வெந்நீர்த் துணியால் சூடாக்குங்கள், அல்லது வீட்டுக்குள் வைத்திருந்த புது பில்டரில் வெதுவெதுப்பான டீசல் நிரப்பி மாற்றுங்கள். மெழுகுத் தடுப்பு மருந்தை டீசல் தெளிவாக இருக்கும்போதே கலக்க வேண்டும். திரண்ட மெழுகை அது கரைக்காது. பில்டர் அடியில் உள்ள நீர்பிரிப்பானை வாரம் ஒரு முறை வடியுங்கள். குளோ பிளக் (கிளம்பும் முன் எஞ்சினுக்குள் சூடேற்றும் பிளக்) உள்ள எஞ்சினில் ஈதர் ஸ்பிரே அடிக்கவே கூடாது.

ஓடும் எஞ்சினில் ஆயில் சீல் பக்கம் எண்ணெய் கசியத் தொடங்கினால் சீல் மாற்றும் முன் கிராங்க்கேஸ் மூச்சுக்குழாயைப் பாருங்கள். அதன் வாயில் ஈரம் உறைந்து அடைத்தால் உள்ளழுத்தம் எண்ணெயைச் சீல் வழியே தள்ளும்.

ஓடுகிறது, சுமை கொடுத்தால் திணறுகிறது என்றால் அது பழுதாகவே இல்லாமல் இருக்கலாம். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3 சதவீதத் திறனை இழக்கிறது. 2,500 மீட்டரில் 5 கிலோவாட் கருவியிடம் 4 கிலோவாட்டுக்கும் குறைவாகவே எதிர்பாருங்கள்.

சிலிண்டரில் கேஸ் இருக்கிறது, சுடர் சிறுத்துவிட்டது

பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியிலும், புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் கொதிக்கின்றன. கலப்புக் கேஸில் புரோப்பேன் முதலில் எரிந்து தீர, குளுக் குளுக்கென்று ஆடும் பியூட்டேன் ஆவியாகாமல் உள்ளேயே கிடக்கும். தீர்வு, குளிர்காலத்துக்குச் சுத்தப் புரோப்பேன் வாங்கி வைப்பதுதான். புரோப்பேனிலும் சுடர் சிறுத்தால், வேகமாக எடுப்பதால் சிலிண்டர் தானே குளிர்ந்துவிட்டது. பக்கத்தில் வெண்பனிக் கோடு தெரியும், உள்ளிருக்கும் திரவ மட்டம் அதுவே. இரண்டு சிலிண்டரை இணையாக மாட்டினால் சுமை பிரியும். ரெகுலேட்டரின் மூச்சுத்துளை கீழ்நோக்கி இருக்கட்டும், மேலே ஒரு மூடி போடுங்கள். உறைந்திருந்தால் வெதுவெதுப்பான துணியால் ஒத்துங்கள். தண்ணீர் ஊற்றினால் துளைக்குள் போய் மறுபடி உறையும். சிலிண்டரை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். கசிந்தால் கேஸ் காற்றைவிடக் கனம், தரையிலும் நிலவறையிலும் தேங்கும்.

கழிவறையில் நாற்றம், வடிகால் களகளவென்கிறது

களகளச் சத்தம் இருந்தால் கூரைக்கு மேலே போகும் காற்றுக்குழாயின் வாயில் உறைபனி வளையம் கட்டி மூடியிருக்கிறது. காற்று கிடைக்காத வடிகால், வளைவில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும், நாற்றம் மேலே வரும். சத்தமில்லாமல் நாற்றம் மட்டும் என்றால் புழங்காத தரைவடிகாலின் தண்ணீர் வற்றியிருக்கும். 1 லிட்டர் தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் மறுபடி வற்ற நாளாகும்.

செப்டிக் டேங்க் குழாய் உறைவதற்குப் பெரும்பாலும் காரணம் சின்னக் கசிவு. ஃபிளஷ் தொட்டியில் நூலாகக் கசியும் நீர் குழாய்க்குள் படலம் படலமாக உறைந்து அடைக்கும். தொட்டியில் சில சொட்டு உணவு நிறம் விட்டு அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் இருங்கள். பீங்கானில் நிறம் தெரிந்தால் ரப்பர் வாஷரை மாற்றுங்கள். டேங்க் மேலும் குழாய்த் தடத்திலும் பனியை மிதித்து இறுக்கக் கூடாது. தளர்ந்த பனி நல்ல போர்வை.

விரல் வெளுத்து உணர்வற்றுப் போகிறது

தேய்க்காதீர்கள், பனியால் தேய்க்கவே கூடாது. உள்ளே வந்து 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் 15 முதல் 30 நிமிடம் அமிழ்த்துங்கள். உணர்வற்ற விரலுக்குச் சூடு தெரியாது, வெப்பமானியால் பாருங்கள். உணர்வு திரும்பும்போது கடுமையாக வலிக்கும், அது இயல்பு. மறுபடி உறைய வாய்ப்பிருந்தால் இளக்க வேண்டாம். இளகி மீண்டும் உறைந்த திசுவுக்குச் சேதம் பல மடங்கு. உடல் நடுங்கிக்கொண்டிருந்தவர், இன்னும் குளிரிலேயே இருக்கும்போது நடுக்கம் நின்று பேச்சுக் குழறினால் அது தேறுதல் இல்லை. படுக்க வைத்து, ஈர உடையை மெதுவாக அகற்றி, மார்பிலும் அக்குளிலும் வெதுவெதுப்பு கொடுத்து, உதவி கேளுங்கள்.

தூக்கம் தலைகீழாகி, பகலெல்லாம் சோர்வு, எதிலும் எரிச்சல் என்றால் அதையும் ஒரு பழுதாகவே எடுத்துக் கவனியுங்கள். விழித்தவுடன் 10,000 லக்ஸ் விளக்கின் முன் அரை மணி நேரம், நாளுக்கு இரண்டு முறை குறித்த நேரத்தில் ரேடியோவில் மனிதக் குரல். இரண்டு அழைப்பு தொடர்ந்து தவறினால் கீழே இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

காலடியில் பனி 'வும்ப்' என்று அமுங்குகிறது

பனிக்கு அடியில் ஒரு பலவீன அடுக்கு உடைந்த சத்தம் அது. காலிலிருந்து விரிசல் பாய்ந்து ஓடுவதும், பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனி சரிந்திருப்பதும் இதே எச்சரிக்கை. 30 முதல் 45 டிகிரிச் சரிவுகளில்தான் பெரும்பாலான பலகைப் பனிச்சரிவுகள் (பனி அடுக்கு பலகை போல மொத்தமாக உடைந்து சரிவது) கிளம்புகின்றன. நீங்கள் சமதளத்தில் நின்றாலும் மேலே உள்ள சரிவை அங்கிருந்தே தூண்டிவிட முடியும். வந்த தடத்திலேயே திரும்புங்கள். புயலுக்குப் பிறகும் பலத்த காற்றுக்குப் பிறகும் குறைந்தது ஒரு நாள் அந்தப் பக்கம் போகாதீர்கள். புதையுண்டவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 10 முதல் 15 நிமிடத்துக்குப் பிறகு வேகமாகச் சரிகிறது. தனியாக இருப்பவரின் கழுத்தில் டிரான்ஸ்சீவர் (புதையுண்ட இடத்தைக் காட்டச் சமிக்ஞை அனுப்பும் கருவி) இருந்தாலும் அதைத் தேடி வர அருகில் ஆள் இல்லை. ஊற்றுமுகத்தின் வலையைச் சுத்தம் செய்யப் போகும் வழி அப்படிப்பட்ட சரிவின் கீழே இருந்தால், பனி அமரும் வரை விடுதியைச் சுற்றியுள்ள பனியை உருக்கிக் குடியுங்கள். பாத்திரத்தின் அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுப் பிறகு பனியைப் போடுங்கள், அடிப்பிடிக்காது.